மே மாதத்தில் சொன்னால் தாமதம்: அரசுப் பள்ளி வழிகாட்டி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் குமரி மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். இப்போது இதே மாவட்டத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். உங்களில் சிலரின் கையெழுத்தில் வந்த சான்றிதழ்களோடு பிள்ளைகள் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அதனால் உங்களை எனக்கு நேரில் தெரியாவிட்டாலும் உங்கள் உழைப்பு தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மே மாதம், பிளஸ் டூ முடிவு வந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தந்தை வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், ஐந்து மாதச் சம்பளமும் பாக்கி. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து, அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் ஒரு மனு தயாரித்தோம். தட்டச்சு செய்தது அந்தப் பெண்தான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவளே ஆங்கிலத்தில் கோர்த்துக் கோர்த்து அடித்தாள். இரண்டு இடத்தில் என்னையே திருத்தினாள். எல்லாம் முடிந்து எழும்போது கேட்டாள்: "சார், அந்தத் தூதரகத்துல இருக்கிறவங்க எல்லாம் என்ன படிச்சிருப்பாங்க?"

மதிப்பெண் கேட்டேன், 600க்கு 541. கிளாட் எழுதினாயா என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான அந்தத் தேர்வு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டிருந்தது. அரசுச் சட்டக் கல்லூரியாவது பார்க்கலாமே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா குறுக்கிட்டார். நர்சிங் கல்லூரிக்கு முன்பணம் கட்டியாயிற்று, கடன் வாங்கிக் கட்டியது, திரும்பக் கிடைக்காது. அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள். நல்ல படிப்பு, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்ற வழிகளையும் பார்த்துவிட்டு அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பார்ப்பதற்கு அவளுக்கு வேறு வழி காட்டப்படவே இல்லை.

அவளுடைய பள்ளியை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த ஆசிரியர்கள் காலை எட்டரை மணிக்கே சிறப்பு வகுப்பு எடுத்துத்தான் அவளை 541க்குக் கொண்டுவந்தார்கள். நான் பேச வந்தது நாட்காட்டியைப் பற்றி. நம் பள்ளிகளில் "அடுத்து என்ன படிக்கலாம்" என்ற பேச்சு பெரும்பாலும் பொதுத்தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல் மே மாதங்களில்தான் சூடுபிடிக்கிறது. அரசின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் அந்தச் சமயத்தில்தான் நடக்கின்றன. பொறியியலுக்கும் கலைக் கல்லூரிகளுக்கும் அது சரியான நேரம். சட்டம், அரசுப் பணி, வெளியுறவு ஆகிய மூன்றுக்கும் அது தாமதம். கிளாட் விண்ணப்பம் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே திறந்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே மூடிவிடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வுக்கும் பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். மே மாதம் வந்து தேடினால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும்.

கதவு மூடுவது இருக்கட்டும். அந்தக் கதவு தமக்கும் உரியது என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. எந்தப் பள்ளிக்குப் போய்க் கேட்டாலும் "கலெக்டர் ஆவேன்" என்று ஒன்றிரண்டு பேர் சொல்வார்கள். "குரூப் ஃபோர் எழுதுவேன்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. வெளியுறவு என்று சொன்னால் வகுப்பே சும்மா இருக்கும்.

ஆனால் எங்கள் ஊரில் வெளியுறவு தொடாத வீடு உண்டா? யோசித்துப் பாருங்கள்.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தூரத்தில் செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகின் மீது குண்டு பாய்ந்தது. சுட்டவர்கள் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள். இறந்த இருவரில் ஒருவர் எங்கள் மாவட்டத்து இளைஞர். அன்று கடற்கரையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: நம் கரைக்குப் பக்கத்தில் நம் ஆளைச் சுட்டவனை நாம் விசாரிக்க முடியுமா, முடியாதா? இதற்குப் பதில் வந்து வழக்கு முடிய ஒன்பது வருடம் ஆயிற்று. நம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் நாட்டின் கடல் எல்லை. 24 வரை அடுத்த மண்டலம், 200 வரை பொருளாதார மண்டலம். ஒவ்வொன்றிலும் அரசுக்கு உள்ள அதிகாரம் வேறு வேறு. இதையெல்லாம் வகுத்தது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. வழக்கு கேரளத்தில் தொடங்கியது. கேரள அரசுக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொன்னது. 2015இல் ஹாம்பர்க் நகரில் இருக்கும் பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கடைசியில் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தின் கீழ் அமைந்த நடுவர் குழுவின் முடிவு 2020 ஜூலையில் வெளிவந்தது. அந்த வீரர்கள் தங்கள் நாட்டுக்காகப் பணியில் இருந்தவர்கள், அதனால் அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது. ஆனால் இந்தியப் படகின் கடல் செல்லும் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, ஆகவே இழப்பீடு தர வேண்டும் என்று முடிவானது. இத்தாலி தந்த 10 கோடி ரூபாய் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிறகு, 2021 ஜூனில் இங்கே நடந்த குற்றவழக்கு முடித்துவைக்கப்பட்டது.

இந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் எங்கள் ஊரில் சண்டை நடக்கும். எனக்கே முழுத் திருப்தி கிடையாது. நான் சொல்ல வருவது வேறு. அந்த ஒன்பது வருடத்தில் ஹாம்பர்க்கிலும் ஹேக்கிலும் டெல்லியிலும் இந்த வழக்கின் காகிதங்களோடு எத்தனை வழக்கறிஞர்களும் வெளியுறவு அதிகாரிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் கடல் வரைபடம் படிப்பவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்! அத்தனையும் வேலைகள். படித்துப் போய்ச் சேரக்கூடிய வேலைகள். வலை எங்கே விடுவார்கள், படகு எந்தப் பக்கம் ஒதுங்கும், பெரிய கப்பல் வந்தால் ஏன் விலக முடியாது என்றெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஒரு பிள்ளை அந்த மேசையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

இது ஒன்று மட்டும் இல்லை. கொரோனா காலத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மீனவர்களை ஏற்றிக்கொண்டு ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்தது 2020 ஜூலை 1 அன்று. யார் யாரை ஏற்றுவது என்ற பட்டியலைத் தயாரித்தது அங்கிருக்கும் நம் தூதரகம். இராமேசுவரம் பக்கம் போனால் இலங்கையோடு கடல் எல்லை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களைப் பற்றி டீக்கடையில் பேசுவார்கள். உள்நாட்டு மாவட்டங்களிலும் கதை ஒன்றுதான். பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று விழுகிறதே, அதனால் வளைகுடா போகுமுன் குடியேற்ற அனுமதி வாங்க அலைகிறார்களே, அது 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். பன்னாட்டு விவகாரத்தின் விளைவுகளை நம் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்து வளர்கிறார்கள். அந்த விவகாரத்தை நடத்தும் வேலைகளைப் பற்றி மட்டும் கேள்விப்படாமல் வளர்கிறார்கள்.

ஆசிரியர்களே, இந்தப் படிகளில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். வகுப்பில் சொல்ல உதவும்.

முதலில் சட்டம், அது என் வீடு. பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம், அல்லது ஒரு பட்டம் முடித்து மூன்று வருடம். எந்த குரூப் படித்தவரும் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசுச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். நம் ஊருக்குத் திருநெல்வேலி பக்கம். மதுரை, திருச்சி, கோவை, வேலூர், இராமநாதபுரம், தேனி, தருமபுரி என்று இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டல்லவா? அது மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று இன்றும் பல பெற்றோர் நினைக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொறியியல், வேளாண்மை, மீன்வளம் இவற்றோடு சட்டப் படிப்பும் சேர்ந்திருக்கிறது. அப்படிச் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஒரு செய்தியைப் பள்ளிப் பலகையில் எழுதிப் போட்டாலே போதும், வருடத்துக்கு நாலு வீட்டில் முடிவு மாறும்.

அடுத்தது கிளாட். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட, பெங்களூரு, ஐதராபாத் போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தேர்வுதான் வழி. இரண்டு மணி நேரம், 120 கேள்விகள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வு, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு. சட்டம் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில்தான். நம் பிள்ளைகளிடம் இதை மறைக்கக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. பதினோராம் வகுப்பின் முதல் நாளிலிருந்து தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படித்தால் ஒன்றரை வருடத்தில் இந்தத் தேர்வைத் தொட்டுவிடலாம். ஒன்றரை வருடம் வேண்டும் என்பதுதான் விஷயம். ஒன்றரை மாதத்தில் முடியாது. அதனால்தான் முன்பே சொல்லுங்கள் என்கிறேன்.

சட்டம் படித்தவர் எல்லாரும் வாதாட வேண்டும் என்றில்லை. தேர்வாணையம் வழியாக உதவி அரசு வழக்கறிஞர் ஆகலாம். சிவில் நீதிபதி ஆகலாம். ஊரார் இன்றும் முன்சீப் என்றுதான் சொல்கிறார்கள். இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கல்லூரியிலிருந்து நேரே நீதிபதித் தேர்வுக்குப் போக முடியாது. குறைந்தது மூன்று வருடம் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருப்பது பலருக்குத் தெரியாது. சாட்சியத்தையும் மனுவையும் தீர்ப்பையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றத் தெரிய வேண்டும். நல்ல தமிழ் எழுதும் பிள்ளைக்கு அது பலம். மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதும் அதைப் பதிவதும் தமிழில்தான் நடக்கின்றன. நான் படித்த தமிழ் இலக்கணம் எனக்கு இன்றும் சோறு போடுகிறது.

வழக்கறிஞர் தொழிலின் கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் மூன்று நாலு வருடம் ஜூனியர் கையில் காசு நிற்காது. என் முதல் சீனியர் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார், பஸ்ஸுக்கே சரியாக இருக்கும். இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டிப் பார் கவுன்சில் 2024இல் அறிவித்தது. எல்லா அலுவலகத்திலும் அது நடப்புக்கு வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு ஓர் அளவு வந்திருக்கிறது. அதே வருடம் ஜூலையில், வழக்கறிஞராகப் பதிய 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் பதிவுக்கு மட்டுமே பல ஆயிரம் ஆகும். அந்தப் பணத்துக்காக ஒரு வருடம் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அரசுப் பணியைப் பற்றிப் பேசும்போது எண்களைக் காட்டுங்கள். 2024 குரூப் ஃபோர் தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244, பிறகு கூட்டினார்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வில் எம்.ஏ., பி.இ. முடித்தவர்கள் மோதுகிறார்கள். நான் குரூப் ஃபோரைத் தாழ்த்தவில்லை. கிராம நிர்வாக அலுவலர் நல்லவராக இருந்தால் ஒரு கிராமமே மூச்சு விடும், அதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அது ஒன்றுதான் அரசு வேலை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் 22லிருந்து 30 வரை ஒரே அறையில் ஒரே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. குரூப் ஒன்றில் துணை ஆட்சியர், டி.எஸ்.பி. தவிரக் கூட்டுறவுத் துணைப் பதிவாளர், வணிக வரி உதவி ஆணையர், ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் என்று பதவிகள் இருக்கின்றன. அந்த அலுவலகங்களில் என்ன வேலை நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால்தானே எதற்குப் படிக்கிறோம் என்று தெரியும்? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆனால் பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றிதழுக்காகப் பத்து வருடம் கழித்து மூடிப்போன தொடக்கப்பள்ளியைத் தேடி அலைபவர்களை நான் பார்க்கிறேன். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே பயிற்றுமொழிச் சான்றிதழையும் கையில் கொடுத்துவிடுங்கள் சார். ஒரு தாள்தான்.

ஐ.ஏ.எஸ். கனவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடத்துக்குப் பத்து லட்சம் பேர் அளவில் விண்ணப்பித்து ஆயிரம் பேர் அளவில் தேறும் தேர்வு அது. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நான் முதல்வன் திட்டத்தில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள், முதல்நிலை தேறினால் 25,000 ரூபாய். வாடகை கொடுக்க முடியாமல் படிப்பை விட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சின்ன உதவி இல்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கும் இதே தேர்வுதான். ஆனால் அதில் வருடத்துக்கு 30, 40, 50 என்ற அளவில்தான் எடுக்கிறார்கள். தேறியவர்கள் கட்டாயமாக ஒரு வெளிநாட்டு மொழி கற்க வேண்டும்.

அப்புறம், இங்கேதான் யாரும் சொல்லாத ஒரு பக்கவழி இருக்கிறது. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரித் தேர்வில் வெளியுறவு அமைச்சகத்துக்கு உதவிப் பிரிவு அலுவலர் பணியிடங்கள் வருகின்றன. எந்தப் பட்டமும் போதும். அந்தப் பணியில் சேர்ந்தவர்கள் டெல்லியில் மட்டும் இருப்பதில்லை, உலகம் முழுக்க உள்ள இந்தியத் தூதரகங்களுக்குப் பணிமாற்றம் ஆகிறார்கள். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு ஒரு நேரான பதில் இது. எங்கள் ஊர்க்காரரின் புகார் மனு போய் விழும் மேசையில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர் தூதர் இல்லை, இப்படிச் சேர்ந்த ஒருவர்தான்.

மொழி இன்னொரு வழி. ஐ.நா. சபையின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இவற்றில் ஆங்கிலம் தவிர மற்ற ஐந்திலும் இளங்கலைப் பட்டமே படிக்கலாம். அதற்கான கியூட் தேர்வில் மொழித் தாள் தவிர மற்றதைத் தமிழிலும் எழுத முடியும். வீட்டில் அப்பா பதினைந்து வருடம் சவுதியிலோ பஹ்ரைனிலோ இருந்து அரபு பேசப் பழகியிருக்கிறார், பிள்ளைக்கு அந்த மொழியைப் பட்டமாகப் படிக்கலாம் என்று தெரியாது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசினால் உடனுக்குடன் வேறு மொழியில் சொல்லும் உரைபெயர்ப்பாளர் ஒருவர் காதில் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் அரசு வேலைதான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பட்டதாரிகள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரோடு ஏறத்தாழ ஒரு வருடம் வேலை செய்யும் லாம்ப் என்ற திட்டம் இருக்கிறது. இங்கேயே, இளைஞர்கள் அரசுத் துறைகளோடு வேலை செய்யும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் இருக்கிறது. பன்னாட்டு உறவு படிக்க நினைத்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பக்கம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புத் துறைப் படிப்பு இருக்கிறது.

இவையெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தானே என்று ஒரு குரல் எழும். அந்தக் குரல் பிள்ளையிடமிருந்து வருவதைவிடப் பெரியவர்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ.வரதராஜன் 1980இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பட்டியல் இனத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள் அவர். 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட ஆற்காடு இராமசாமி முதலியார் நம் சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவர். 2021 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு இந்தியா தலைமை ஏற்ற மாதத்தில் நியூயார்க்கில் நம் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர் சென்னைக்காரரான டி.எஸ்.திருமூர்த்தி. எல்லாரும் ஒரே பின்னணியில் வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரதராஜன் பிறந்த ஊரின் ரயில் நிலையத்தை, சேலம் வழியாகச் சென்னைக்குப் போகும் நம் பிள்ளைகள் பார்த்திருக்கலாம். அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

சரி, நான் கேட்பது என்ன?

ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள் என்று கேட்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும்போது, கணக்கு வராத பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளும் இடமாக வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் படிப்பு இருக்கக் கூடாது. நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்று "நான் ஆர்ட்ஸ் குரூப் எடுக்கிறேன்" என்றால் ஆசிரியர் அறையே சேர்ந்து மனதை மாற்றுவதை நானே அனுபவித்திருக்கிறேன். என்னை அறிவியல் பிரிவில் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். இரண்டு வருடம் இயற்பியலோடு போராடிவிட்டுத்தான் நான் சட்டத்துக்கு வந்தேன், அதுவும் ஊர் நூலகத்தில் யாரோ விட்டுப்போன ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து. ஒரு பிள்ளையின் வாழ்க்கை இப்படி ஒரு தற்செயலில் தொங்கக் கூடாது.

பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். நீதிமன்றம் திறந்த இடம், யார் வேண்டுமானாலும் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது பெரியவர்களுக்கே தெரியாது. ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் போதும். வாய்தா என்றால் என்ன, சாட்சி எப்படி நடுங்குவார், நீதிபதி எப்படிக் குறிப்பு எடுப்பார் என்று பார்த்துவிடுவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, கடிதம் எழுதிக் கேட்டால் பள்ளிக்கே ஆள் அனுப்புவார்கள். நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். வரவு செலவு வாசிக்கும்போது ஒரு பாட்டி எழுந்து தெருவிளக்கைப் பற்றிக் கேள்வி கேட்பார். அரசு என்றால் என்ன என்று அதைவிட நன்றாக நான் சொல்லித்தர முடியாது.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கும். கோர்ட்டு, கச்சேரி என்றால் பயப்படுகிறார்கள். எங்கள் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் பெண் வழக்கறிஞர்கள் இருவர் பள்ளிக்கு வந்து பெற்றோரோடு உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். நான் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் அம்மாக்கள் கேட்பார்கள்.

பள்ளிக் கல்வித் துறைக்கும் இங்கேயே ஒரு வேண்டுகோள். ஆண்டு நாட்காட்டியில் தேர்வு நாட்களையும் விடுமுறைகளையும் போடுவதுபோல, கிளாட் விண்ணப்பம் தொடங்கும் நாள், கியூட் பதிவு தொடங்கும் நாள், சட்டக் கல்லூரி விண்ணப்பம் தொடங்கும் நாள் மூன்றையும் போட்டு எல்லாப் பள்ளிக்கும் அனுப்புங்கள். கிளாட் விண்ணப்பத்துக்கு மட்டுமே சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தகுதியுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளையின் விண்ணப்பச் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவோ வேறு வழியாகவோ ஏற்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். நாலாயிரம் ரூபாய் இல்லாததால் தேர்வே எழுதாமல் நின்ற பிள்ளை, அதை எழுதித் தோற்ற பிள்ளைகளின் கணக்கில்கூட வருவதில்லை.

இந்த மடலை எழுதத் தொடங்கிய நாளில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்பாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, சம்பளத்தில் மூன்று மாதப் பணம் வந்தது, மீதிக்கு இன்னும் இழுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: "நர்சிங் டிகிரி வச்சு யூ.பி.எஸ்.சி. எழுதலாமா சார்?" எழுதலாம், எஸ்.எஸ்.சி. தேர்வும் எழுதலாம், வேண்டுமென்றால் அதன்பின் மூன்றாண்டுச் சட்டமும் படிக்கலாம் என்று பதில் போட்டேன். அவளுடைய தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள், உங்கள் பள்ளிகளில் ஒன்றில்தான்.

சனிக்கிழமைகளில் எனக்கு நீதிமன்றம் இல்லை. மாவட்டத்தில் எந்தப் பள்ளி என்றாலும் வந்து ஒரு வகுப்பு நேரம் பேசுகிறேன், பஸ் செலவுகூட வேண்டாம். நீதிமன்றம் பார்க்கப் பிள்ளைகளை அழைத்து வருவதானால் இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், உட்கார இடம் பார்த்து வைக்கிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன் வரும் சனிக்கிழமைகளில் எது உங்களுக்கு வசதி என்று தெரிவியுங்கள்.

அன்புடன்,
குமரி மாவட்டத்து வழக்கறிஞர் ஒருவர்